ஒரே மிதியில் கிளம்ப வேண்டிய வண்டி

பெத்தன் மிதித்தான். வண்டிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி மிதித்தான். இந்தத் தடவை அதுவும் வரவில்லை.

"செத்துப்போச்சு," என்றான்.

"யாரு?" கார்க் கொட்டகை வாசலில் நின்ற நாகவல்லி பதறிப்போய்க் கேட்டாள்.

"பேட்டரி."

"அதுவா? அது போன மாசமே செத்துச்சே."

"போன மாசம் செத்ததுக்கு உசுரு குடுத்தேன். இப்பத் திரும்பச் செத்துருச்சு."

"அந்தப் பெட்டிக்குள்ள அப்படி என்னதேன்யா இருக்கு?"

"கரண்டு."

"அது எதுக்கு?"

"வண்டி கிளம்புறதுக்கு. சொன்னா உனக்குப் புரியாது. போயி வேலையப் பாரு."

நாகவல்லி போனாள். அவள் பெத்தனின் மனைவி. பெரிய வீட்டில் ஆச்சிக்கு உள்வேலை செய்கிறவள். பெத்தன் அந்த வீட்டு டிரைவர். டிரைவர் என்றாலும் கிட்டத்தட்ட ஒரு வருஷமாக அவன் எதையும் ஓட்டவில்லை. நின்ற வண்டிக்குக் காவல் இருந்தான்.

அன்று காலையில்தான் தந்தி வந்திருந்தது. முதலாளி செட்டியார் ரங்கூனில் கப்பல் ஏறிவிட்டார். கொண்டுவிக்கவென்று கடல் தாண்டி வட்டித் தொழிலுக்குப் போகிறவர்கள் மூன்று வருஷக் கணக்கை முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். பெரியகருப்பன் செட்டியார் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஏன் பாதியில் வருகிறார் என்று நேமத்தான்பட்டியில் யாருக்கும் தெரியவில்லை. அவர் மனைவி தேனம்மை ஆச்சிக்குத் தெரிந்திருக்கலாம். ஆச்சி சொல்லவில்லை.

பெத்தனுக்கு அவர் ஏன் வருகிறார் என்பது முக்கியமில்லை. வந்ததும் என்ன செய்வார் என்பது தெரியும். போகிறபோதே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"பெத்தா, நான் வந்து எறங்குற அன்னைக்கு வண்டியில ஏறி உக்காந்து மிதிப்பேன். ஒரே மிதி. கிளம்பணும். எதுத்த வீட்டுச் சாத்தப்பன் பாக்க ஹேண்டில் போட்டுச் சுத்த வச்சியோ, கொட்டகைச் சாவியக் குடுத்துட்டு நடையக் கட்டு."

எதிர்வீட்டுச் சாத்தப்பன் செட்டியார் இவருக்குப் பங்காளி. அவரிடமும் கார் உண்டு. அதன் மூக்கில் ஹேண்டிலைச் சொருகி டிரைவர் பனியன் நனையச் சுற்றினால்தான் கிளம்பும். அதைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே பெரியகருப்பன் செட்டியார் காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். இவருடைய வண்டியில் செல்ப் உண்டு; காலால் ஒரு மிதி மிதித்தால் பேட்டரிக் கரண்டில் தானாகக் கிளம்பும். உயரமான சக்கரம். கண்மாய்க் கரை, சரளைக் காடு, முள்ளுப் பொட்டல் எல்லாம் ஏறி இறங்கும் என்று சொல்லி மெட்ராஸ்காரன் விற்றான். சொன்னபடியே ஏறி இறங்கியது. ஊரில் அதற்குக் காட்டுவண்டி என்று பெயர்.

கொட்டகையை ஒட்டி ஒரு அறை. அதுதான் பெத்தனுக்கும் நாகவல்லிக்கும் வீடு. சாவி போனால் வேலை போகும், அறை போகும், நாகவல்லியின் வேலையும் போகும். பெத்தனுக்கு வேறு தொழில் தெரியாது. அவனுடைய அண்ணன் தம்பிகள் விவசாயம் பார்த்தார்கள். 'எனக்கென்ன, நான் டிரைவர்' என்று அவர்களிடம் நிறையப் பேசி வைத்திருந்தான். அந்தப் பேச்சையெல்லாம் வைத்துக்கொண்டு அங்கே திரும்பிப் போக முடியாது.

அதனால் அவன் வண்டியைப் பிள்ளை மாதிரிப் பார்த்தான். அச்சுக்கு அடியில் செங்கல் அடுக்கிச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்தான். எலி வயரைக் கடிக்காமல் பொறி வைத்தான். பின்சீட்டில் முட்டையிட வந்த கோழியை விரட்டினான். பேட்டரிக்கு, வளவு முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்த மழைத்தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றினான். செட்டியார் கப்பலேறிய அன்று சாயங்காலம் நாகவல்லி ஒரு அகல் விளக்கை ஏற்றிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள். வீட்டு ஆண் கடல் தாண்டிப் போயிருக்கும்போது அவர் புழங்கிய இடம் எதுவும் பொழுது சாய்ந்த பிறகு இருட்டாகக் கிடக்கக் கூடாது என்பது ஆச்சியின் உத்தரவு. பெத்தன் போட்ட சத்தத்தில் அகல் அணைந்தே போயிற்று.

"பெட்ரோல் நாத்தம் அடிக்கிற எடத்துல தீயக் கொண்டாறியே, கிறுக்கச்சி! வண்டியும் போகும், வீடும் போகும், நம்ம ரெண்டு பேரும் சேந்து போவோம். இனிமே தீயோட இந்தப் பக்கம் வந்த, காலை ஒடிச்சிருவேன்!"

அவள் அகலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கல்யாணமான புதிதில் அதே வண்டியில் அவளை முன்சீட்டில் உட்கார வைத்து ஹாரன், விளக்கு, செல்ப் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டி அசத்தியவன்தான். இப்போது கோழியும் அவளும் அவனுக்கு ஒன்றாகிவிட்டார்கள்.

வண்டியை வாரம் ஒரு தடவை ஓட்டிவிட்டால் பேட்டரி தானாக உயிரோடு இருக்கும். அதற்கு ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆளில்லாத வண்டி ஊரச் சுத்தக் கூடாதுப்பா. பாக்குறவுகளுக்கு என்னமோ போல இருக்கும்."

அதனால் வாரம் ஒரு நாள் கொட்டகைக்குள்ளேயே கிளப்பி நிறுத்தினான். புகையில் இருமினான். அப்படியும் தை மாதம் ஒரு தடவை செத்தது. மாசியில் ஒரு தடவை செத்தது. இரண்டு தடவையும் பேட்டரியைக் கழற்றிச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக் காரைக்குடிக்கு நடந்தான். அங்கே பஸ் ஓட்டும் சின்னக்கருப்பு, நாகவல்லியின் அண்ணன். அவன் பஸ் எஞ்சினில் பூட்டிக் கரண்டு ஏற்றிக் கொடுத்தான். தலையில் வைத்ததில் ஆசிட் ஒழுகிப் பெத்தனின் காக்கிச் சட்டை சல்லடையானது. ஆச்சியிடம் அவன் மூச்சு விடவில்லை. பேட்டரி செத்தது தெரிந்தால் ரங்கூனுக்குச் சேதி போய்விடும்.

இப்போது பங்குனி. திரும்பவும் செத்துக் கிடக்கிறது.

கழற்றலாம் என்று ஸ்பானரைப் போட்டான். பேட்டரி முனையில் பச்சைப் பச்சையாக உப்புப் பூத்து நட்டு இறுகியிருந்தது. பலம் கொண்ட மட்டும் திருகினான். ஸ்பானர் வழுக்கி நட்டின் தலை மழுங்கியது. இனிப் பேட்டரியைக் கழற்றவும் முடியாது.

ஹேண்டிலை எடுத்தான். அது அந்தக் கொட்டகையில் தொடக்கூடாத சாமான். கதவைச் சாத்திக்கொண்டு சுற்றினான். பேட்டரியில் துளி கரண்டு இல்லாமல் எஞ்சின் என்ன செய்யும்? இருபது சுற்றுக்கு மேல் ஹேண்டில் கையிலிருந்து நழுவி முழங்காலில் அடித்தது. நொண்டிக்கொண்டே காரைக்குடிக்குப் போனான்.

"எங்கிட்ட ஏத்த முடியாது மாப்ள," என்றான் சின்னக்கருப்பு. "இப்பப் பங்குனித் திருநாக் கூட்டம். பஸ்ஸு நிக்கிறதே இல்ல. சினிமாக் கொட்டகைக்குக் கொண்டுக்கிட்டுப் போ. படம் ஓட்ட டைனமோ வச்சிருக்கான். பகல்ல சும்மாத்தேன் கெடக்கு."

"கழட்ட வரலையே மச்சான்."

"அப்ப வண்டியக் கொண்டா."

"வண்டி கிளம்பலையே மச்சான்."

"அப்ப இழுத்துக்கிட்டு வா."

பெத்தனுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. களைத்த மனிதனுக்கு எதுவும் நல்ல யோசனைதான்.

ஊரில் மாட்டு வண்டி ஓட்டும் சோணையிடம் ஒரு ஜோடி மாடு இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் சோணை மாட்டையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாடுதேன் இழுக்கணும்னா, அதுக்குக் காரு எதுக்குப்பா? மாட்டு வண்டி பத்தாதா?"

"பேசாமப் பூட்டு."

"ஊரு சிரிக்குமே."

"சிரிக்காது. வழி வச்சிருக்கேன்."

வழி இதுதான். வண்டியின் மேல் வைக்கோலைப் பரப்பிக் கயிறு போட்டுக் கட்டினான். நாலு பக்கமும் தொங்கவிட்டான். தூரத்திலிருந்து பார்த்தால் வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி. பெத்தன் வைக்கோலுக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டிருந்தான். மறுநாள் காலையில் ஆச்சி கோவிலூருக்குச் சாமி கும்பிடப் போன நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாகக் கிளம்பினார்கள்.

பெத்தன் எல்லாவற்றையும் யோசித்திருந்தான். மாதத்தை மட்டும் யோசிக்கவில்லை.

பங்குனி வெயிலில் அந்தப் பக்கத்தில் புல் என்று எதுவும் இல்லை. மாடுகள் சுவரொட்டியைத் தின்று காலம் தள்ளிக்கொண்டிருந்தன. ஊர் எல்லையில் ஒரு செவலைப் பசு வைக்கோல் வாசனையில் தலையைத் தூக்கியது. பின்னாலேயே வந்தது. ஒரு வாய் உருவியது. யாரும் அடிக்கவில்லை என்று தெரிந்ததும் இரண்டாவது வாய் உருவியது.

"சோணை, பின்னால ஏதோ இழுக்குது."

"பசுப்பா."

"விரட்டு."

"நான் விரட்டப் போனா மாடு நிக்கும். மாடு நின்னா வண்டி நிக்கும். பரவாயில்லையா?"

"வேணாம், ஓட்டு."

அடுத்த ஊரில் நாலு மாடு சேர்ந்தது. அதற்கடுத்து ஒரு ஆட்டுக் கிடையே வந்தது. ஆடுகள் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே தின்னும் என்பதைப் பெத்தன் அன்றுதான் தெரிந்துகொண்டான். முதலில் பின்சக்கரம் தெரிந்தது. பிறகு கதவு தெரிந்தது. மேலே முன்னங்காலைப் போட்டு ஏறிய ஒரு வெள்ளாடு கண்ணுக்கு விட்டிருந்த ஓட்டையைப் பெரிதாக்கியது. உள்ளே பெத்தனின் முகம் இருந்தது. ஆடும் அவனும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காரைக்குடி எல்லைக்கு வரும்போது வைக்கோல் என்று மிச்சமிருந்தது பெத்தனின் தலையில் ஒட்டியது மட்டும்தான். முன்னால் இரண்டு மாடு, நடுவில் பளபளவென்று காட்டுவண்டி, பின்னால் ஏழெட்டு ஊர்க் கால்நடை.

அந்த நேரத்தில்தான் எதிரே சாத்தப்பன் செட்டியாரின் கார் வந்தது. நின்றது. அவர் எட்டிப் பார்த்தார். இப்படி ஒன்றை அவர் பல வருஷமாக எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"என்னடா பெத்தா, செல்ப் வண்டிங்கிறது இதுதானா? ஒரு செல்ப்புக்கு ரெண்டு செல்ப்பாப் பூட்டியிருக்கே!"

"சும்மா... மாட்டப் பழக்குறோம் அய்யா."

"நல்லாப் பழக்கு. பெரியகருப்பன் வாராகளாமுல்ல? ஒரே மிதியில கிளம்பணுமாமே? நானும் வந்து நிக்கிறேன், பாத்துட்டுப் போறேன்."

சினிமாக் கொட்டகை டைனமோக்காரர் பேட்டரியைப் பார்த்தார். ஒரு செம்பு வெந்நீரைக் கொண்டுவரச் சொல்லி முனையில் ஊற்றினார். பச்சை கரைந்தது. மழுங்கிய நட்டைக் குறட்டால் பிடித்து இரண்டே திருகில் கழற்றினார்.

"இதுக்கா வண்டிய இழுத்துக்கிட்டு வந்தீக?"

சோணை சொல்ல ஆரம்பித்தான். பெத்தன் அவன் காலை மிதித்தான்.

பொழுது இறங்குவதற்குள் பேட்டரி நிறைந்தது. பூட்டி மிதித்தான். ஒரே மிதி. வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. பெத்தனுக்குக் கண் கலங்கியது. ஹாரனை அடித்துக்கொண்டே ஊர் வழியாக ஓட்டிக்கொண்டு போனான். அது அடுத்த தப்பு.

ஹாரன் சத்தம் கேட்டவர்கள் எல்லாரும் செட்டியார் வந்துவிட்டார் என்று முடிவு செய்தார்கள். வண்டி வீடு சேர்வதற்குள் பின்னால் கூட்டம் சேர்ந்தது. குன்றக்குடிக்குக் காவடி எடுக்கிறவர்கள் வந்தார்கள். கல்யாணத்துக்கு அழைக்க வெற்றிலை பாக்குத் தட்டோடு இரண்டு வீட்டார் வந்தார்கள். ஆச்சி கோவிலூரிலிருந்து திரும்பியிருந்தாள். சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடி வந்தாள். ஆச்சி ஓடி யாரும் பார்த்ததில்லை. நேரே வண்டியின் பின்சீட்டைப் பார்த்தாள். காலி. அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பெத்தன் ஹாரனிலிருந்து கையை எடுத்தான்.

"ஆளில்லாத வண்டிய எதுக்குப்பா எடுத்த?"

"ஓட்டிப் பாத்தேன் ஆச்சி. அய்யா வாராகளே..."

"வந்தவுகளுக்குப் பலகாரம் குடுத்து அனுப்பு. அவுக இன்னும் வரலைன்னு சொல்லு." திரும்பி நடந்தவள் நின்றாள். "ஹாரன் அடிக்காத."

சாயங்காலம் பெத்தன் வழக்கம்போல் கள்ளுக்கடைக்குப் போனான். பொழுது சாய்கிற நேரத்தில் அவனைக் கொட்டகையில் யாரும் பார்த்ததில்லை. திரும்பி வந்தபோது நாகவல்லி வேலை முடித்துச் சோற்றைப் போட்டு வைத்திருந்தாள்.

"ஆச்சிக்கு இன்னைக்குத்தேன் மொகம் தெளிஞ்சிருக்கு," என்றாள்.

"என்னைய அந்தப் பேச்சுப் பேசுனாக, தெளிஞ்சிருச்சா?"

"வெளக்கு வச்ச பெறகு தெளிஞ்சிருச்சு. அய்யா வர்ற வரைக்கும் சீக்கிரமா அமத்த வேணாம், கூடுதலா எரியட்டும்னுட்டாக."

"எரியட்டும். எண்ணெய் என்ன நம்ம வீட்டுதா?"

நாலு நாள் கழித்து மிதித்துப் பார்த்தான். 'டிக்.'

பெத்தன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நிறைந்த பேட்டரி. தொடாத வண்டி. இது சாத்தப்பன் செட்டியாரின் வேலையாகத்தான் இருக்க வேண்டும். சுவர் ஏறிக் குதித்து யாரோ கரண்டைக் குடிக்கிறார்கள். எப்படிக் குடிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. வயிற்றெரிச்சல் உள்ளவன் எப்படியும் குடிப்பான். அன்றிலிருந்து கள்ளுக்கடைக்குப் போய்வந்த கையோடு பாயை எடுத்துக்கொண்டு வண்டியிலேயே படுத்தான். ஒருத்தனும் வரவில்லை. குன்றக்குடி முருகனுக்கும் வேண்டிக்கொண்டான். அய்யா வந்து மிதித்து வண்டி ஒரே மிதியில் கிளம்பிவிட்டால், அந்த நிமிஷத்திலிருந்து கள்ளைத் தொடுவதில்லை. இன்றைக்கே விடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். முருகனுக்கு அவ்வளவு அவசரம் இருக்காது என்று நினைத்தான்.

செட்டியார் வருவதற்கு முந்தின நாள் பேட்டரியைத் தலையில் தூக்கிக்கொண்டு மறுபடி சின்னக்கருப்பு முன்னால் போய் நின்றான்.

"மச்சான், ஒன் பஸ்ஸுப் பேட்டரியக் குடு. ஒரே ஒரு பொழுது."

"அப்ப நான் என்னத்தப் போட்டு ஓட்ட?"

"இத வச்சுக்க."

"செத்ததக் குடுத்துட்டு உசுரோட இருக்கிறதக் கேக்குற. நல்ல ஞாயம்."

"நாளைக்கு அய்யா ஒரு மிதி மிதிச்சதும் கொண்டாந்து குடுத்துர்றேன். இல்லாட்டி நானும் ஒன் தங்கச்சியும் ஒன் வீட்டுக்குத்தேன் வரணும்."

சின்னக்கருப்பு கொஞ்ச நேரம் அதை யோசித்தான். பெத்தனை வீட்டில் வைத்துச் சோறு போடுவதைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து பார்த்திருக்க வேண்டும். ஸ்பானரை எடுத்தான்.

"மேட்டுலருந்து தள்ளிவிட்டுக் கிளப்பிக்கிறேன். தூக்கிட்டுப் போ. ஆனா மாப்ள, விடிஞ்சு மொத டிரிப்புக்குள்ள வரணும்."

பஸ் பேட்டரியைப் பூட்டி மிதித்தான். வண்டி எழுந்தது. நிறுத்தி மறுபடி மிதித்தான். எழுந்தது. மூன்றாவது தடவை மிதிக்கக் கால் தூக்கியவன் சிக்கனமாக இறக்கிக்கொண்டான். கவலை தீர்ந்தது. இனிக் காவலும் தேவையில்லை. விடிந்தால் கள்ளை விட வேண்டும் என்பதால் அன்று சாயங்காலம் கொஞ்சம் முன்பணமாகவே குடித்தான். திரும்பும் வழியில் ஊருணிக் கரையில் சற்று உட்கார்ந்தான். எழுந்தபோது விடிந்திருந்தது.

ஓடினான். கொட்டகையைத் திறந்தான். ஏறினான். மிதித்தான்.

ஒன்றுமில்லை. 'டிக்' கூட இல்லை.

இறங்கினான். அழலாமா என்று யோசித்தான். ரயில் வருகிற நேரமாகிவிட்டது. அழுவதற்கு நேரமில்லை. நேரே சோணை வீட்டுக்கு ஓடினான்.

"சோணை, வண்டியப் பூட்டு. அய்யாவ ரயிலடியிலருந்து கூட்டிக்கிட்டு வரணும்."

"காரையா இழுக்கணும்?"

"இல்லப்பா. ஒன் வண்டி. வெறும் மாட்டு வண்டி."

அந்த ஊரில் அன்று சார்ஜ் இறங்காமல் இருந்தது சோணையின் மாடுகளுக்கு மட்டும்தான்.

பெரியகருப்பன் செட்டியார் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். கப்பலிலும் ரயிலிலும் கசங்கி, கண் சிவந்து, முகம் வாடியிருந்தது. ஆச்சி வாசலில் நின்றாள். அவளும் ராத்திரி தூங்கியவள் போல் இல்லை. செட்டியார் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"எனக்கென்ன? உங்களுக்கு?"

"எனக்கும் ஒண்ணுமில்ல. அப்ப எதுக்கு..."

அவர் கேட்டு முடிப்பதற்குள் எதிர்வீட்டிலிருந்து சாத்தப்பன் செட்டியார் வெள்ளை வேட்டியும் துண்டுமாக இறங்கி வந்தார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தார்.

"வாங்க, வாங்க பங்காளி! என்ன, ரயிலடிக்கு மாட்டு வண்டி வந்துச்சாக்கும்? செல்ப் வண்டி என்னாச்சு?"

செட்டியாரின் முகம் மாறியது. வீட்டுக்குள் நுழைந்து வளவைத் தாண்டிக் கொட்டகைக்கு நடந்தார். ஆச்சி பின்னால் போனாள். சாத்தப்பன் செட்டியார் அழைக்காமலே போனார். நாகவல்லி போனாள்.

கொட்டகை வாசலில் ஏற்கெனவே கூட்டம் நின்றது. சின்னக்கருப்புவும் அவனுடைய பஸ் சனமும். பஸ்ஸை மேட்டிலிருந்து தள்ளிவிட்டார்கள். பள்ளம் வரைக்கும் போனது. பள்ளத்திலேயே நின்றுவிட்டது. சனம் மூட்டை முடிச்சோடு நடந்து வந்திருந்தது.

"மாப்ள, பேட்டரியக் குடு."

"மச்சான், அய்யா நிக்கிறாக."

"யாரு நின்னா என்ன? என் பஸ்ஸு நிக்கிது."

செட்டியார் யாரையும் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்தார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். மிதித்தார்.

ஒரு சத்தமும் இல்லை. எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது.

மறுபடி மிதித்தார்.

"ஹேண்டில் வேணுமா பங்காளி?" என்றார் சாத்தப்பன் செட்டியார். "எங்க வீட்டுல நல்லதா ஒண்ணு இருக்கு. எடுத்தாரச் சொல்லட்டுமா?"

செட்டியார் இறங்கினார். பெத்தன் அவர் கேட்கும் முன்பே எல்லாவற்றையும் கொட்டினான். செங்கல், மழைத்தண்ணீர், தலைச்சுமை, மழுங்கிய நட்டு, வைக்கோல், ஆடு, டைனமோ, பஸ் பேட்டரி, எல்லாம். ஆட்டைப் பற்றிச் சொன்னபோது பஸ் சனத்தில் யாரோ சிரித்தார்கள். செட்டியார் சிரிக்கவில்லை.

"நெறஞ்ச பேட்டரி அய்யா. நான் தொடக்கூட இல்ல. எப்படிச் சாகுதுன்னு சத்தியமாத் தெரியல. கண்ணுக்குக் கண்ணாப் பாத்தேன்."

"பாத்தது தெரியுது. சாவியக் குடு."

பெத்தன் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தான். முடிச்சு வரவில்லை. நாகவல்லிதான் வந்து அவிழ்த்துக் கொடுத்தாள். செட்டியாரின் கையில் அது விழுந்தது.

அந்த விஷயம் அவருக்கு அத்தோடு முடிந்தது. ஆச்சியிடம் திரும்பினார். குரல் வேறாக இருந்தது.

"நீ சொல்லு. உடனே வாங்கன்னு தந்தி அடிச்சியே, என்னன்னு ஒரு வார்த்த இல்ல. மூணு வருசக் கணக்கையும் அப்படியே மேலாளுக கையில போட்டுட்டு ஓடியாறேன். நீ படுத்த படுக்கையாக் கெடக்கியோன்னு கப்பல்ல ஒரு வாய்ச் சோறு எறங்கல. வந்து பாத்தா நீ நல்லாத்தான் இருக்க."

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் ஆச்சி. "உங்களுக்குத்தான் என்னமோ ஆச்சோன்னு..."

"எனக்கு என்ன ஆச்சு?"

"வாய்விட்டுச் சொல்லக் கூடாதுன்னுதான் யாருகிட்டயும் சொல்லல. உங்களுக்குன்னு வச்ச வெளக்கு அணைஞ்சு அணைஞ்சு போச்சு. தையில அணைஞ்சுச்சு. மாசியில அணைஞ்சுச்சு, அப்பத்தான் தந்தி அடிச்சேன். நேத்து, வர்ற நாளாச்சே, விடிய விடிய எரியட்டும்னு விட்டேன். விடியங்காட்டியும் பாத்தா அணைஞ்சு கெடக்கு. உங்கள முழுசாப் பாக்குற வரைக்கும் எனக்கு உசுரு இல்ல." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செட்டியார் சாவியை மறந்து நின்றார்.

"எந்த வெளக்கு?"

ஆச்சி நாகவல்லியைப் பார்த்தாள். நாகவல்லி தலையைக் குனிந்துகொண்டு, காட்டுவண்டியின் முன்பக்கத்தைக் கையால் காட்டினாள்.

"இந்தா மூஞ்சியில ரெண்டு இருக்குல்ல, அதுதேங்கய்யா, நீங்க கப்பலேறுன நாள்லருந்து ஒரு பொழுது தப்பாம ஆச்சிகிட்ட இருக்கிற இன்னொரு சாவிய வாங்கி நாந்தேன் போட்டு வைக்கிறேன், கொட்டகைக்குள்ள தீ கொண்டாந்தாக் காலை ஒடிச்சிருவேன்னு இவுக மொத நாளே சொல்லிட்டாகல்ல!"